4கே மானிட்டர் வாங்கும் முன் போட வேண்டிய பிக்சல் கணக்கு

கேம் ஆட மானிட்டர் வேண்டும் என்று கடையில் கேட்டால் முதல் கேள்வி பட்ஜெட். அடுத்தது, "4கே போட்டுரலாமா?" எண் பெரிதானால் படமும் நன்றாகத்தானே இருக்கும் என்று வாங்குபவரும் தலையாட்டிவிடுகிறார். வீட்டில் மாட்டினால் டெஸ்க்டாப் பளிச்சென்று இருக்கிறது, எழுத்தெல்லாம் அச்சடித்ததுபோல் தெரிகிறது. கேமைத் திறந்தால் திக்கித் திணறுகிறது. பழைய மானிட்டரில் தங்குதடையில்லாமல் ஓடிய அதே கேம், அதே கார்டு.

மானிட்டரும் பழுதில்லை, கார்டும் பழுதில்லை. ரெசல்யூஷனை மானிட்டருக்குக் கொடுத்த மதிப்பெண்போல் பார்ப்பதில்தான் கோளாறு. சினிமா பார்க்க வாங்கும் டிவிக்கு அந்தப் பார்வை ஓரளவு சரி. படம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, டிவி அதைக் காட்டினால் போதும். கேமில் ஒவ்வொரு படமும் அந்த நொடியில் உங்கள் கிராபிக்ஸ் கார்டில்தான் உருவாகிறது. ரெசல்யூஷன் கூடினால் கார்டின் வேலையும் கூடும். ஆகவே மானிட்டர் தேர்வு மூன்று அளவுகளிலிருந்து தொடங்குகிறது: திரை எத்தனை அங்குலம், கண் எவ்வளவு தூரத்தில், கார்டு எவ்வளவு வேலை தாங்கும்.

## எண்கள் என்ன சொல்கின்றன

திரையில் தனியாக நிறம் மாறக்கூடிய மிகச் சிறிய புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்பது ரெசல்யூஷன். சந்தையில் முக்கியமானவை மூன்று. 1080பி என்பது 1920×1080, மொத்தம் 20.7 லட்சம் பிக்சல். 1440பி என்பது 2560×1440, அதாவது 36.9 லட்சம். 4கே என்பது 3840×2160, 82.9 லட்சம்.

1080, 1440, 2160 என்று பார்த்தால் ஒவ்வொரு படியாக ஏறுவதுபோல் இருக்கிறது. மொத்தத்தைப் பார்த்தால்தான் உண்மையான ஏற்றம் தெரியும். 1440பியில் 1080பியைவிட 1.78 மடங்கு பிக்சல்கள். 4கேயில் சரியாக 4 மடங்கு. 1440பியிலிருந்து 4கேக்குப் போவதே 2.25 மடங்கு. 1.78, 4 இரண்டையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

விளம்பரத்தில் '2கே' என்று இருந்தால் பெரும்பாலும் 1440பியைத்தான் சொல்கிறார்கள். 'பெரும்பாலும்' என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பெருக்கல் குறி போட்ட எண்ணைத் தேடுங்கள். 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரியில் அது இருக்கும். பேனலில் உண்மையிலேயே இருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை அது. '4கே சப்போர்ட்' என்று மட்டும் போட்டிருந்தால், 4கே சிக்னலை வாங்கிச் சுருக்கிக் காட்டும் 1080பி பேனலாகவும் இருக்கலாம்.

## தெளிவு எங்கிருந்து வருகிறது

சாலைக்கு அந்தப் பக்கம் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரில் இருப்பவரின் மீசை முடிகூடத் தெளிவாகத் தெரியும். பேனருக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றால் மீசையும் இல்லை, முகமும் இல்லை. மைப் புள்ளிகள் மட்டும்தான். பேனர் மாறவில்லை. புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் நீங்கள் நிற்கும் தூரமும் சேர்ந்துதான் 'தெளிவு' என்பதைத் தீர்மானிக்கின்றன. மானிட்டரிலும் இதே கதை.

ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதைப் பிக்சல் அடர்த்தி என்பார்கள். 24 அங்குல 1080பியில் அது 92. அதே 1080பியை 27 அங்குலத்தில் நீட்டினால் 82 ஆகக் குறைகிறது. 27 அங்குல 1440பியில் 109. 32 அங்குல 1440பியில் மறுபடியும் 92. 4கே என்றால் 32 அங்குலத்தில் 138, 27 அங்குலத்தில் 163.

இதில் ஒரு விநோதம்: 32 அங்குல 1440பியும் 24 அங்குல 1080பியும் ஒரே அடர்த்தி. பெரிய திரை, கூடுதல் ரெசல்யூஷன், கூடுதல் விலை. ஆனால் ஒரு சதுர அங்குலத்தை எடுத்துப் பார்த்தால் கூர்மை இம்மிகூட ஏறவில்லை. பார்க்கும் பரப்பு மட்டும் கூடியிருக்கிறது. அது வேண்டும் என்று தெரிந்து வாங்கினால் சரி.

இனி கண்ணின் பக்கம். கண் மருத்துவமனையில் 6/6 என்று எழுதித்தரும் பார்வைக்கு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரையிலான நுணுக்கம் பிரிந்து தெரியும். இதை வைத்து, எந்தத் தூரத்துக்கு அப்பால் தனித்தனிப் பிக்சல் மறைந்துவிடும் என்று கணக்கிடலாம். 27 அங்குல 1440பிக்கு அது சுமார் 80 செ.மீ. 32 அங்குல 4கேக்கு 63 செ.மீ. 27 அங்குல 4கேக்கு 54 செ.மீ. 24 அங்குல 1080பிக்கு 95 செ.மீ., 27 அங்குல 1080பிக்கு ஒரு மீட்டரும் தாண்டிவிடும். கூர்மையான கண்ணுக்கு இதைவிடச் சற்றுத் தள்ளியும் தெரியும். சாய்ந்த கோடுகளின் ஓரத்தில் வரும் ரம்பப்பல் விளிம்பு இன்னும் தூரத்திலிருந்தும் உறுத்தும். ஆனாலும் ஆரம்பக் கணக்குக்கு இந்த எண்கள் போதும்.

நாற்காலியில் வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை நிற்கப்போகும் இடம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 60 முதல் 70 செ.மீ. வந்தால் 1440பிக்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரியும். ஒரு மீட்டர் வந்தால், 27 அங்குலத் திரையில் 4கேக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்கு வந்து சேராது.

சுருக்கமாக: ரெசல்யூஷன் மட்டும் தனியாக எதையும் சொல்லாது. அளவும் தூரமும் சேர்ந்த பிறகுதான் அது தெளிவாக மாறும். 27 அங்குலத்தில் 1080பி, மேசைக்கு எந்த வகையிலும் பொருந்தாத ஜோடி.

## கார்டின் தலையில் விழும் வேலை

கேம் காட்டும் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதே எஃப்.பி.எஸ். 60 எஃப்.பி.எஸ் வேண்டுமானால் ஒரு ஃபிரேமை முடிக்கக் கார்டுக்கு 16.7 மில்லிநொடி அவகாசம். 144 எஃப்.பி.எஸ் என்றால் 6.9 மில்லிநொடிதான்.

அந்த அவகாசத்தில் கார்டு ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம், நிழல், பிரதிபலிப்பு எல்லாம் கணக்கிட்டு ஒரு நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும். பிக்சல் 4 மடங்கானால் இந்த வேலையும் கிட்டத்தட்ட 4 மடங்காகும். 'கிட்டத்தட்ட' என்பதற்குக் காரணம், ஃபிரேமில் சில வேலைகள் பிக்சல் எண்ணிக்கையைச் சார்ந்தவை அல்ல. பாத்திரங்களின் அசைவு, எதிரி எங்கே நகர்கிறான், பந்து எங்கே விழும் போன்றவற்றைப் பிராசஸர் பார்த்துக்கொள்கிறது; திரை 1080பியா 4கேயா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அதனால் 1080பியில் 100 எஃப்.பி.எஸ் வந்த ஒரு கனமான கேம் 4கேயில் நேராக 25க்கு விழாது, 35 அல்லது 40 வரலாம். இதனால்தான் 4கே ஆடுபவர்கள் பிராசஸரைவிடக் கார்டுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள்.

இன்னொரு பாரம் வி.ரேம், அதாவது கார்டின் சொந்த நினைவகம். 8 ஜிபி வி.ரேம் உள்ள கார்டில் புதிய கேம்களை 4கேயிலும் உயர்ந்த டெக்ஸ்சரிலும் (சுவர், தரை, தோல் போன்ற பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) வைத்தால் அது நிரம்பிவிடும். நிரம்பியதும் மதர்போர்டில் உள்ள மெதுவான ரேமிலிருந்து தரவை இழுக்கத் தொடங்கும். அதன் அடையாளம் குறிப்பானது: சராசரி எஃப்.பி.எஸ் பரவாயில்லை போலத் தெரியும், ஆனால் திரும்பும்போதும் புது இடத்துக்குள் நுழையும்போதும் சட்டென ஒரு வெட்டு. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்ததும் வெட்டு நின்றுவிட்டால் குற்றவாளி வி.ரேம்தான்.

## வாங்காமலே சோதிப்பது

கார்டு 4கேயைத் தாங்குமா என்பதற்கு யூடியூப் பெஞ்ச்மார்க் பார்க்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் 1080பி மானிட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். கார்டை 4கேயில் வரையச் சொல்லி, அதைச் சுருக்கி 1080பி திரையில் காட்டும் வசதி, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரிலேயே இருக்கிறது. ஏனோ பலருக்கு இது தெரிவதில்லை.

என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்' போய் 'டி.எஸ்.ஆர் ஃபேக்டர்ஸ்' என்பதைத் திறந்து, 1.78, 4.00 இரண்டையும் டிக் செய்யுங்கள். மேலே நினைவில் வைக்கச் சொன்ன அதே மடங்குகள்தான் இவை: முதலாவது 1440பி, இரண்டாவது 4கே. ஏ.எம்.டி கார்டில் அட்ரினலின் மென்பொருளின் டிஸ்ப்ளே பகுதியில் 'வர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன்' என்பதை ஆன் செய்ய வேண்டும். பிறகு கேமின் செட்டிங்ஸில் ஃபுல்ஸ்கிரீன் வைத்தால் 2560×1440, 3840×2160 இரண்டும் பட்டியலில் வந்திருக்கும். வராவிட்டால் முதலில் விண்டோஸ் டெஸ்க்டாப்பையே அந்த ரெசல்யூஷனுக்கு மாற்றிவிட்டுக் கேமைத் திறக்கவும். சில லேப்டாப்களில் உள்திரை கார்டோடு நேரடியாக இணைந்திருக்காது. அவற்றில் இந்த வழி கிடைக்காது.

எஃப்.பி.எஸ் எண்ணைக் காட்டும் வசதியை, கேம் வாங்கித் திறக்கும் ஸ்டீம் செயலியிலேயே ஆன் செய்யலாம். நிற்கும் இடத்தில் பார்த்துவிட்டு முடித்துவிடக் கூடாது. மழை, கூட்டம், வெடிப்பு என்று கார்டு திணறும் காட்சியில் பத்து நிமிடம் ஓட்டி, எண் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கவனியுங்கள். சராசரியைவிட அந்த அடிமட்ட எண்தான் கையில் உணரப்படும். படத்தைச் சுருக்குவதற்கும் கொஞ்சம் வேலை ஆவதால், நிஜ 4கே மானிட்டரில் இதைவிட ஓரிரண்டு ஃபிரேம் கூடவே வரும்.

## அப்ஸ்கேலிங் மாற்றிய கணக்கு

கார்டு தாங்கவில்லை என்றால் 4கே மானிட்டரில் ரெசல்யூஷனைக் குறைத்து ஆடலாமே என்று தோன்றும். ஆடலாம். ஆனால் பேனலின் பிக்சல்கள் நகராதவை. 1440பி மானிட்டரில் 1080பி படத்தைக் காட்டினால் படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு பிக்சலில் உட்கார வேண்டும். அப்படி உட்கார வழியில்லாததால் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து மங்கும். 4கே திரையில் 1080பி என்றால் ஒன்றுக்கு நான்கு என்று கணக்கு நேராக வரும். டிரைவரில் 'இன்டிஜர் ஸ்கேலிங்' ஆன் செய்தால் மங்காது. ஆனால் பிக்சல் பெரிதாகத் தெரியும்.

இதைவிட நல்ல வழி அப்ஸ்கேலிங். கார்டு குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, முந்தைய ஃபிரேம்களின் தகவலையும் சேர்த்து, பெரிய படத்தை ஊகித்துக் கட்டுகிறது. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ், ஏ.எம்.டியின் எஃப்.எஸ்.ஆர், இன்டெலின் எக்ஸ்.ஈ.எஸ்.எஸ் மூன்றும் இதைத்தான் செய்கின்றன. டி.எல்.எஸ்.எஸ்ஸுக்கு என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் வரிசைக் கார்டு கட்டாயம். 4கேயில் 'குவாலிட்டி' என்று வைத்தால் உள்ளே வரையப்படுவது 1440பி. 'பெர்ஃபாமன்ஸ்' என்றால் 1080பி. எழுத்து, வரைபடம், பாத்திரத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோடு போன்றவற்றைப் பெரும்பாலான கேம்கள் முழு 4கேயிலேயே வரையும்.

அதனால் '4கே மானிட்டருக்கு 4கே கார்டு வேண்டும்' என்ற பழைய விதி தளர்ந்துவிட்டது. ஆனால் அப்ஸ்கேலிங் உயர்ந்த ரெசல்யூஷனில் வேலை செய்யும் அளவுக்குக் குறைந்த ரெசல்யூஷனில் நன்றாக வேலை செய்யாது. 1080பி மானிட்டரில் 'குவாலிட்டி' வைத்தால் உள்ளே வெறும் 720பி. ஊகிக்கத் தகவலே போதாமல், கம்பிவேலி, மரக்கிளை, தலைமுடி எல்லாம் மினுக்கும்.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு சமாசாரம். வரைந்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவே கற்பனை ஃபிரேமைச் செருகுவது அது. திரையில் எண் ஏறும், மவுஸ் அசைவுக்குக் கேம் பதில் சொல்லும் வேகம் ஏறாது. அடிப்படையில் 60 எஃப்.பி.எஸ் அளவில் வரும் கேமை இன்னும் வழவழப்பாக்க அது உதவும். 30இல் தவிக்கும் கேமைக் காப்பாற்றும் என்று நம்பி 4கே வாங்கக் கூடாது.

இதுவரை வந்ததை இரண்டு வரியில் சொன்னால்: பிக்சல் கூடினால் கார்டின் வேலையும் வி.ரேம் தேவையும் கூடும். அப்ஸ்கேலிங் அந்தப் பாரத்தைக் குறைக்கும். உயர்ந்த ரெசல்யூஷனில்தான் அது நன்றாகக் குறைக்கும்.

## ஹெர்ட்ஸும் எஃப்.பி.எஸ்ஸும்

மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே ஹெர்ட்ஸ். எஃப்.பி.எஸ் கார்டின் உற்பத்தி. ஹெர்ட்ஸ் மானிட்டரின் கொள்ளளவு. 4கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 70 எஃப்.பி.எஸ் வரும் கேம் ஆடினால், மிச்சக் கொள்ளளவு சும்மா கிடக்கும். 60இலிருந்து 120க்குப் போவது யாருக்கும் தெரியும் மாற்றம். 165இலிருந்து 240க்குப் போவது அவ்வளவு எளிதாகப் பிடிபடாது.

ஹெர்ட்ஸும் எஃப்.பி.எஸ்ஸும் ஒத்துப்போகாதபோது திரை குறுக்காகக் கிழிந்ததுபோல் தெரியும். ஃபிரேம் வரும்வரை காத்திருந்து புதுப்பிக்கும் வசதி இதைத் தீர்க்கிறது, பொதுப்பெயர் வி.ஆர்.ஆர், பெட்டியில் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் என்று இருக்கும். எஃப்.பி.எஸ் ஏறி இறங்குவது 4கேயில் சகஜம் என்பதால், இது இல்லாத 4கே மானிட்டரைக் கேமிங்குக்கு வாங்கவே கூடாது.

## கேபிளில் மாட்டிக்கொள்வது

பணத்தையெல்லாம் திரையில் போட்டுவிட்டு, பழைய கேபிளால் பாதியை இழப்பவர்கள் ஏராளம். ஒரு சின்னக் கணக்கு: 4கே, 144 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம். 82.9 லட்சத்தை 144ஆலும் 30 பிட்டாலும் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 10) பெருக்கினால் நொடிக்குச் சுமார் 35.8 ஜிகாபிட் தரவு. கார்டையும் மானிட்டரையும் இணைக்க எச்.டி.எம்.ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்று இரண்டு வகை இணைப்பு உண்டு. எச்.டி.எம்.ஐ 2.0 மொத்தமே 18 ஜிகாபிட். 4கேயில் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 1440பிக்கு 144 ஹெர்ட்ஸ் வரை வரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4இல் படத்துக்கு உண்மையில் கிடைப்பது 25.9 ஜிகாபிட். அதுவும் போதாதுதான், ஆனால் டி.எஸ்.சி என்ற சுருக்குமுறை மூலம் சமாளித்துவிடும். கண்ணுக்குக் குறை தெரியாத சுருக்கம் அது, பயப்பட வேண்டியதில்லை. எச்.டி.எம்.ஐ 2.1 முழுத் திறனில் 48 ஜிகாபிட்.

'முழுத் திறனில்' என்பது முக்கியம். 2.1 என்ற பெயரை ஒட்டிக்கொண்டு பழைய 2.0 வேகத்தில் நிற்கும் போர்ட்களும் விதிப்படி விற்பனைக்கு வரலாம். ஆகவே மானிட்டரின் விவரத் தாளில் எச்.டி.எம்.ஐ போர்ட்டுக்கு எதிரே 4கேயில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆர்.டி.எக்ஸ் 40 வரிசைக் கார்டுகளில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4ஏ, 50 வரிசையில் 2.1. மானிட்டரோடு பெட்டியில் வரும் கேபிளே பெரும்பாலும் போதும். தனியாக வாங்கினால் இரண்டு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், எச்.டி.எம்.ஐ என்றால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று ஒட்டியதாக இருக்கட்டும்.

கேபிள் போதாததை எப்படி அறிவது? சில நொடிக்கொருமுறை திரை கறுத்துத் திரும்பும். வெள்ளைப் பொறிகள் மின்னும். பட்டியலில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் வராது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கசிந்து தெரிந்தால், இடம் போதாமல் நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகிறது என்று அர்த்தம்.

## பேனலும் எச்.டி.ஆரும்

ஐ.பி.எஸ் பேனல் நிறத்துக்கும் எல்லாக் கோணத்துக்கும் நல்லது, கறுப்பு சாம்பலாகத் தெரியும். வி.ஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். விலை குறைந்தவற்றில் இருட்டான காட்சி நகரும்போது தடம்போல் இழுபடும். ஓ.எல்.இ.டி படத்தில் எல்லாரையும் தோற்கடிக்கும், ஆனால் ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால் தழும்பு விழும். பகலெல்லாம் எக்ஸெல், இரவில் கேம் என்றால் ஐ.பி.எஸ் நிம்மதி.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர் என்ற வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் எண்ணைப் பாருங்கள். 'டிஸ்ப்ளே எச்.டி.ஆர் 400' சான்றுக்குத் திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி தேவையே இல்லை, எச்.டி.ஆர் ஆன் செய்தால் பல நேரம் படம் வெளுத்துப்போகும். 'ட்ரூ பிளாக்' என்று சேர்ந்து வந்தால் அது ஓ.எல்.இ.டிக்கான சான்று, கதை வேறு.

## எந்தக் கார்டுக்கு எது

ஆர்.டி.எக்ஸ் 4060, ஆர்.எக்ஸ் 7600 போன்ற 8 ஜிபி கார்டு இருந்தால் 24 அங்குல 1080பி. கொஞ்சம் அப்ஸ்கேலிங்குக்கு மனம் ஒப்பினால் 27 அங்குல 1440பி. ஆர்.டி.எக்ஸ் 4070, 5070, ஆர்.எக்ஸ் 7800 எக்ஸ்.டி வகைக்கு 27 அங்குல 1440பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ். இன்றைக்குப் பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடலாம் என்பது எங்கள் கருத்து. ஆர்.டி.எக்ஸ் 5070 டி.ஐ, ஆர்.எக்ஸ் 9070 எக்ஸ்.டி போன்ற 16 ஜிபி கார்டுகளில் அப்ஸ்கேலிங்கோடு 4கே நன்றாக வரும். அப்போது 32 அங்குலம் எடுங்கள். 27 அங்குலத்தில் 4கே அழகுதான், ஆனால் விண்டோஸில் எழுத்தை 150 சதவீதம் பெரிதாக்காமல் படிக்க முடியாது.

வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற வேகமான துப்பாக்கிப் போட்டி கேம்களை மட்டும் ஆடுபவர்களுக்கு 4கே தேவையே இல்லை. அந்தப் பணத்தை ஹெர்ட்ஸில் போடட்டும். 3440×1440 அகலத் திரையில் 49.5 லட்சம் பிக்சல். வேலையில் அது 1440பிக்கும் 4கேக்கும் இடையே, 1440பியின் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

## பெட்டியைப் பிரித்த அன்று

கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டுக் கார்டைத் திட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சி.பி.யூ பெட்டியின் பின்னால் கீழ்ப்பகுதியில் படுக்கைவாட்டில் வரிசையாக இருக்கும் போர்ட்களே கார்டுடையவை. அங்கேதான் செருக வேண்டும்.

விண்டோஸ் பல நேரம் புதிய மானிட்டரை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் உச்ச எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் ஆன் செய்து, டிரைவரிலும் வி.ஆர்.ஆர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று விட்டுப்போனால் வேலை செய்யாது.

அதே மெனுவில் 'ஓவர்டிரைவ்' என்று ஒன்று இருக்கும். பிக்சல் நிறம் மாறும் வேகத்தைத் தள்ளிக் கூட்டுவது அது. பெட்டியில் அச்சிட்ட '1 மில்லிநொடி' கிடைக்க அதை உச்சத்தில் வைக்க வேண்டும். உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று தொடரும். நடுநிலையில் வைத்துவிடுங்கள். கடைசியாக முழுத் திரையையும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிக் காட்டி, செத்த பிக்சல் இருக்கிறதா என்று அறையை இருட்டாக்கிப் பாருங்கள். இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கேளுங்கள். கெடு போன பிறகு ஒன்றிரண்டு பிக்சலுக்கு வாரண்டியில் மாற்றித் தருவது அபூர்வம். பெட்டியையும் தெர்மகோலையும் அதுவரை தூக்கிப்போட வேண்டாம்.